மூன்றாவது கியர்

நூல் பாக்கி ஏழே கால் லட்சம்.
பணத்துக்குப் பதிலாகச் சாவியை நீட்டினார் தெய்வசிகாமணி.
"ஜப்பான் வண்டிங்க. நாலு சக்கரமும் இழுக்கும்.
உங்க பாக்கியையும் இழுத்துட்டு வந்துரும்."
திருப்பூரில் அந்த வருஷம்
கிடைத்ததை வாங்கிக்கொண்டவர்கள்தான் பிழைத்தோம்.

நாலு வருஷம் ஓட்டினேன்.
கோன் பெட்டி ஏற்றினேன், ஆடிட்டரை ஏற்றினேன்,
ஞாயிறு விடியலில் யாரையும் ஏற்றாமல்
திம்பம் ஏறினேன்.
போன மாசம் பதினோராவது வளைவில்
மூன்றில் போட்டதும்
உரலுக்குள் கல் விழுந்த சத்தம்.
முடுக்கினால் எஞ்சின் மட்டும் கத்தியது,
வண்டி காதில் வாங்கவில்லை.
இரண்டாம் கியரிலேயே பண்ணாரி வரை இறங்கி
கோயில் வாசலில் நிறுத்தி
தெய்வசிகாமணியை வாய்விட்டு வைதேன்.
பொரி விற்றவள் திரும்பிப் பார்த்தாள்.

உக்கடத்தில் ஹக்கீமின் ஷெட்.
அழுகிய முட்டை வாசத்தோடு வடிந்தது கியர் ஆயில்.
தட்டில் விரல் விட்டுத் தேய்த்தான்.
விரல் நுனியெல்லாம் ஜிகினா.
"பல்லு போச்சுங்க்கா."
வேறு பெட்டி ஜப்பானிலிருந்து கப்பலில் வருமாம்,
நாலு லட்சம், நாற்பது நாள்,
அதுவும் எவன் ஓட்டிக் கழித்ததோ.
"பிரிச்சே பாரு" என்றேன்.

நெடுக்காகப் பிளந்தது பெட்டி,
காய்ந்த புளியங்காய் மாதிரி.
முன்னால் போகும் தண்டு, பின்னால் போகும் தண்டு,
நடுவில், யார் எவ்வளவு இழுப்பது என்று
பஞ்சாயத்துப் பண்ணும் சின்ன டப்பா.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.
மூன்றாம் சக்கரத்தில் இரண்டு பல் இல்லை.
பக்கத்துப் பல் இருந்தது,
மற்றவற்றின் நிறத்தில் இல்லை.

ஹக்கீம் அதைத் துடைத்தான். டார்ச் அடித்தான்.
நகத்தால் சுரண்டினான்.
டீ வந்தது, ஆறியது.
"வெல்டு வெச்சு, அரத்துல ராவியிருக்கு" என்றான் கடைசியில்.
"எவன் பார்த்த வேலை?"
"நான்தாங்க்கா."

ஒன்பது வருஷம் முன்னால், சிங்காநல்லூரில்
வேறொருத்தன் ஷெட்டில் கூலிக்கு இருந்தபோது,
ராத்திரியோடு ராத்திரியாக.
"ஒரு வாரம் நிக்கும்னு சொல்லித்தான் குடுத்தேன்.
அந்த ஆளு சரி சரின்னு எடுத்துட்டுப் போனாரு."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது.
ஆனால் உடைந்த இரண்டும் கம்பெனிப் பல்.
இவன் வைத்தது அப்படியே நின்றது.
"அதே மாதிரி ரெண்டு வெச்சுரு" என்றேன்.
"முடியாதுங்க்கா.
அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது.
இப்பத் தெரியும். கை நடுங்கும்."

கணபதியில் சென்னியப்பனின் கியர் பட்டறை.
பல்லின் சாய்வை அளந்து
சுவரில் சாக்பீஸால் எழுதினார்.
ஏற்கெனவே அங்கே ஏழெட்டுப் பேருடைய சாய்வு இருந்தது.
"ஜோடியாத்தான் வெட்டணும்.
புதுசும் பழசும் சேர்ந்து ஓடாது,
ஒண்ணையொண்ணு தின்னுரும்."
பதினெட்டு நாள் என்றார்,
முப்பத்தொன்றாம் நாள் தந்தார்,
எண்ணெயில் ஊறிய செய்தித்தாளில் சுற்றி.
எழுபத்திரண்டாயிரம். ஜிஎஸ்டி தனி.

பெட்டியை மூடும்போது ஹக்கீம் கேட்டான்:
"பழைய சக்கரத்த நான் வெச்சுக்கட்டுங்களா?"
"பில்லுல ஐந்நூறு குறைச்சுக்க."
உடனே குறைத்தான்.
ஆயிரம் கேட்டிருக்கலாம்.

நீலம்பூர் பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம்.
ஒன்று. இரண்டு.
மூன்றில் இதுவரை கேட்காத ஒரு ரீங்காரம்,
நிட்டிங் மெஷினில் புது ஊசி மாற்றிய அன்று வருமே, அது.
"ஆயிரம் கிலோமீட்டர்ல அடங்கிரும்" என்றான்.
நான்கில் போட மனசில்லாமல்
மூன்றிலேயே வைத்துப் போனேன்.
ஒரு லாரி, ஒரு முட்டை வண்டி, ஒரு கல்யாண பஸ்
பின்னால் போயின.
"நிக்குமா ஹக்கீம்?"
அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
"ஒரு வாரம் நிக்குங்க்கா."