கொண்டை ஊசி

அடிவாரத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது.
முதல் வளைவுக்கு முன்பே
பையிலிருந்து ஊசிகளை எடுத்துவிட்டேன்.
பக்கத்து இருக்கைக்காரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"எத்தனாவது மாசம்?" என்றாள்.
எனக்கில்லை என்றேன்.
"மகளுக்கா?"
மகள் இல்லை.
"பின்ன யாருக்கு?"
எனக்குத்தான் என்றதும்
உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சில் பாதியைப் பிய்த்து
என் மடியில் வைத்தாள்,
துக்கம் விசாரிக்க வந்தவள் போல.

வெள்ளைக் கம்பளி நூல், ஏழு சிட்டம்,
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது.
ஜூஸ் கடைக்காரர் மூன்று வாரம் சேர்த்துக் கொடுத்த
மாதுளைத் தோலைக் காயவைத்து
பழைய இட்லிக் குண்டானில் கொதிக்கவிட்டு
படிகாரம் போட்டு
ஆறு சிட்டத்துக்குச் சாயமேற்றினேன்.
எங்கள் தெரு போர் தண்ணீர்
வெந்நீர்ப் பானையில் பாறை கட்டும்.
ஊருக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டுகிற பூமி அல்லவா,
மக்னீசியம், அதோடு கொஞ்சம் இரும்பு.
அதில் மஞ்சள் மஞ்சளாக வராது.
பாசி நிறம் வந்தது,
ஆறும் ஆறு விதமாக.
பதினோராம் வகுப்புக்கு நீரின் கடினத்தன்மையைப்
பதினேழு வருடமாக நடத்துகிறேன்.
அது அழகாக இருக்குமா என்று
எந்த வினாத்தாளிலும் கேட்டதில்லை.

வரிசை முடியும், திருப்புவேன்.
பேருந்தும் திரும்பும்.
கொண்டை ஊசி வளைவு ஒன்பது.
எதிரே லாரி, நீளமாக ஒரு ஹாரன்,
ஒரு கண்ணி நழுவியது.

பெர்னதெத் வீட்டுப் பின்னறை எனக்கு, எட்டு நாள்.
இரண்டு கட்டு அரையாண்டு விடைத்தாள்,
சுவருக்கு அப்பால் காப்பிப்பழம் புளிக்கிற வாசனை,
காலையில் தலைவரைக்கும் மூடுபனி.
முன்னறையில் அவள் மகன் டார்வின்
குடில் கட்டிக்கொண்டிருந்தான்.
"டீச்சர், ஆத்துக்குக் கொஞ்சம் நூல் தருவீங்களா?"
எடுத்துக்கோ என்றேன், முழம் அளவு நினைத்து.
விடிந்து பார்த்தால்
வைக்கோல் கொட்டகையில் கிளம்பி
மேய்ப்பர்களைச் சுற்றி
ஒரு பிளாஸ்டிக் டைனோசரின் காலடியில் பாய்ந்து
தீப்பெட்டிப் பாலத்தின் கீழே நுழைந்து
டிவிக்குப் பின்னால் போய் மறைகிறது
என் ஒரு சிட்டம் முழுவதும்.
"தண்ணி இந்தக் கலர்லயாடா இருக்கும்?" என்று
பெர்னதெத் கையை ஓங்கினாள்.
"எங்க ஊர் ஆத்துல,
சாயப்பட்டறைக்கு லீவு விட்ட அன்னைக்கு
இப்படித்தாங்க இருக்கும்" என்றேன்.
அவன் தப்பித்தான்.
ராஜாக்கள் மூன்று பேரும் ஜனவரி ஆறில்தான் வருவார்களாம்,
அதுவரை குடிலைக் கலைக்கக் கூடாதாம்.
எனக்குப் பள்ளி திறப்பது இரண்டாம் தேதி.

இடது கை முழங்கையோடு நின்றது.

ஏழாவது சிட்டம் பையின் அடியில் வெள்ளையாகவே இருந்தது.
மீதித் தோலும் இருந்தது.
பெர்னதெத்தின் சோற்றுக் குண்டானில்
அதே எடை, அதே படிகாரம், அதே ஒரு மணி நேரம்,
கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.
தண்ணீர் மட்டும் மலைச் சுனையில் பிடித்தது.
மூடியைத் திறந்தால்
மஞ்சள்!
எலுமிச்சை மஞ்சள், கூச்சமே இல்லாத மஞ்சள்.
இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதை
நாலு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
காரணம் தெரிந்தவளுக்கு
நிறம் தெரியாமல் போயிற்று.

கொஞ்ச நேரம் கோபமாக இருந்தேன்.
பிறகு பின்னினேன்.

புத்தாண்டு மாலை, போட்டுக்கொண்டு இறங்கினேன்.
ஒன்பதாவது வளைவில்
விலாப் பக்கம் ஒரு விரல் ஓட்டையில் நுழைந்தது.
அங்கேயே வைத்துக்கொண்டேன்.
காது அடைத்துத் திறக்க, குளிர் விட்டுப் போக,
அடிவாரத்திலேயே முதுகு வியர்த்துவிட்டது.
கழற்றவில்லை.
பேருந்து நிலையத்தில் டீ ஆற்றியவர்
இடது கையையே பார்த்தார்,
முழங்கைக்கு மேல் சேலம், கீழே ஏற்காடு.
"நூல் பத்தலைங்களா?"
"ஆத்தோட போயிருச்சுங்க" என்றேன்.
சர்க்கரையை
ஒரு கரண்டி கூடவே போட்டார்.