நூற்றுச் சொச்சம் மீட்டர்

ஹார்ஸ்டாடில் சூரியன் தலைகாட்ட இன்னும் ஒன்பது நாள்.
அதுவரை இந்தத் திரைதான் வெளிச்சம்.
பாரன்ட்ஸ் கடலை அடுக்கடுக்காய் அணைக்கிறேன்:
தண்ணீரை அணைத்தால் சேறு,
சேற்றை அணைத்தால் களிப்பாறை,
இன்னொரு சொடுக்கில்
பதினைந்து கோடி ஆண்டுக்கு முந்தைய கடற்கரை,
அலை நின்று, ஆளில்லாமல்.

அங்கே ஒரு கவிழ்த்துவைத்த கிண்ணம்.
எண்ணெய்க்கு அதுவே வீடு.
மேலே மூடி இருக்கிறது, ஓரத்தில் பிளவு ஒன்று
கதவுபோல் இறுகியிருக்கிறது.
இருந்தும் இதை யாரும் ஏலம் கேட்டதில்லை.
நடுவில் ஒரு வெற்று வட்டம்:
எண்பத்தேழில் துளையிட்டு, உப்புநீரைக் கண்டு,
சிமென்ட் வைத்து அடைத்த கிணறு.
'வறண்டது' என்று குறிப்பு.
நானூறு மீட்டர் தண்ணீருக்கு அடியில் கிடப்பதை
இப்படியும் எழுத முடிகிறது நம்மால்.

மதியம் பழைய அறிக்கையைப் புரட்டினேன்.
கடைசிப் பக்கத்தில், காப்பிக் கறைக்குக் கீழே,
அளவை முறை: ஐரோப்பா 1950.
யாரோ அந்த எண்களை இன்றைய எண்களாகப் படித்து
அப்படியே ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

திருத்தினேன்.
வட்டம், பேருந்தில் இடம் விடுபவர்போல,
கொஞ்சம் தென்மேற்கே நகர்ந்து உட்கார்ந்தது.
நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். பிளவுக்கு அந்தப் பக்கம்.
கதவைத் தட்டியதாக நினைத்து
முப்பது வருடம் முன்பு இவர்கள் தட்டியது
அடுத்த வீட்டை.

ஓட்வார் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.
"எத்தனை சதவீதம்?"
"பதினெட்டு. காலையில் மூன்று."
அவன் விசிலடித்த ட்யூன் எனக்குப் பிடிக்காதது.

இன்னோர் அடுக்கும் வைத்திருந்தேன்.
கிறிஸ்துமஸுக்கு வந்த அக்கா குன்வோர்,
படகுக் கருவியைச் சரிபார்க்கக் கொடுத்தபோது
நகலெடுத்தது. கேட்டுத்தான் எடுத்தேனா, ஞாபகமில்லை.
இருபது வருடம் தூண்டில் போட்ட இடங்கள்,
ஒவ்வொன்றுக்கும் அவளே இட்ட பெயர்:
கயிறு அறுந்தது. இங்கே வேண்டாம். வெள்ளிக்கிழமை.
சக மீனவரிடம், ஏன், புருஷனிடம்கூடக் காட்டாதவை.

அதை ஏற்றிப் பார்த்தேன், சும்மாதான்.
பிளவின் விளிம்போடு, பிசகாமல், புள்ளிகள்.
அடியிலிருந்து வாயு கசிந்து கசிந்து
தரையில் குழி விழுந்த இடங்களில்
மீன் கூடும்.
நெருக்கமாய்ப் புள்ளி விழுந்த மூலைக்கு
அவள் வைத்த பெயர்: எஞ்சின் கடன்.

அக்காவைச் சாட்சிக்கு அழைத்தால்
பதினெட்டு, இருபத்தாறு ஆகும்.
கணக்குப் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை.
பிறகு அவளை அணைத்தேன்.
கடல் பழையபடி யாருடையதும் இல்லாமல் ஆயிற்று.

படிவத்தில் ஒரு கட்டம் பெயர் கேட்டது.
காலியாக விட்டேன்.
கோப்பைச் சேமித்து ஓட்வாருக்கு அனுப்பினேன்.

இரவு பல் துலக்கும்போது நினைவு வந்தது:
அணைத்த அடுக்கும்
கோப்போடு கூடவே போகும்.