ஆடி ஒன்று

மூன்று கண்ணில் ஒன்றைத்தான் திறக்க வேண்டும்.
எது என்று அப்பா சொன்னதில்லை.
ஆணி முனையால் அழுத்திப் பார்ப்பார்,
இளகுவது எதுவோ அது.
பாதித் தண்ணீரை டம்ளரில் வடித்து
பக்கத்தில் யார் நின்றாலும் நீட்டுவார்.
மிச்சத்தில் வேக வேண்டும்
பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, வெல்லம்.
ஏலக்காய் அண்ணன் நுழைத்தது,
அதற்கு நான் சம்மதித்ததே இல்லை.

லீ பஜார் எடைமேடையில்
பகலெல்லாம் லாரிகளை நிறுத்தவர்,
பத்துக் கிலோ பிசகினாலும் திருப்பி ஏற்றச் சொல்பவர்,
வீட்டில் எதற்கும் படிக்கல் வைத்ததில்லை.
“எவ்வளவுப்பா?”
“காய் கேக்குற அளவு.”

பாரதப் போர் இன்றுதான் தொடங்கியதாம்.
குகையில் எங்கள் வீட்டில் அது உண்மை.
வெல்லமா நாட்டுச் சர்க்கரையா என்று ஆரம்பித்து
குப்புராஜ் அண்ணனும் நானும்
பதினெட்டாம் பெருக்கு வரை பேசிக்கொள்ள மாட்டோம்.

தொண்ணூற்றெட்டில் தண்ணீரை வடிக்காமலே
குச்சியை அடித்து இறுக்கிவிட்டான்.
வெடித்தது.
சரசா அக்காவின் புதுப் புடவை முழுக்க அரைவேக்காட்டுப் பருப்பு.
அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம்
புடவை வேறு நிறமாகிவிடுகிறது.

அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்த வருடம்
ஆடி பிறந்தது செவ்வாய்க்கிழமை.
வாசலில் டீக்கடை, விறகடுப்பு.
அண்ணன் எதுவும் கேட்கவில்லை,
மஞ்சள் பூசிய காயைக் குச்சியோடு நீட்டினான்.
கடைக்காரர் பால் சட்டியை இறக்கி வைத்தார்.
“ஒரே பக்கம் காட்டாத, உருட்டு” என்றார்.
ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது, போனது.
ஓடு கறுத்து, கீறி, உள்ளிருந்து எண்ணெய் மணம் கிளம்ப
சீட்டு வாங்கும் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

சர்க்கரை முந்நூற்று நாற்பது.
நர்ஸ் கோமளவல்லி
பையைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.
“அவருக்குக் கூடாது.”
தனக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்,
ரொம்ப நேரம்.
அதற்குள்
அழிஞ்சிக் குச்சியின் உள்முனையை
அப்பா வாயில் வைத்துக்கொண்டார்.
கொஞ்சம் வெல்லம், இரண்டு எள், மிச்சமெல்லாம் கரி.
“ஏலக்காயா?” என்றார் அண்ணனிடம்.
“ஆமாம்பா.”
தலையை ஆட்டினார்.
மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்பதில்
இன்றுவரை எங்களுக்குள் வழக்கு.

இந்த வருடம் அழகாபுரத்தில், மூன்றாவது மாடி.
மொட்டை மாடியில் நெருப்பு கூடாதென்று
லிஃப்ட் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.
கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்து உருட்டுகிறேன்.
கை மாற்ற ஆள் இல்லை.
போன் அடிக்கிறது, அண்ணன்தான்.
முதல் நாளே எடுத்தால் என்ன மரியாதை?
இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டிருப்பதை
அவனிடம் சொல்ல
இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.