விலை பார்க்காதே

பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம்
நாளைய மின்சாரத்தின் விலை வந்துவிடும்.
பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாகத்
தொண்ணூற்றாறு கட்டங்கள்.
இல்போ அதைத்தான் முதலில் படிப்பான்.
மரண அறிவிப்பெல்லாம் அப்புறம்.

அடித்தளத்து அலமாரியில், ஜாம் புட்டிகளுக்குப் பின்னால்
உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினி
பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கிறது.
எங்கள் வீட்டுக்கு எப்போது பசிக்க வேண்டும் என்று
அதுதான் சொல்லும்.
அதற்குச் சொல்லிக்கொடுத்தவன் இவன்,
மூன்று குளிர்காலம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

ராஹேயில் காற்றுக்குப் பஞ்சமில்லை.
கடலோரம் நெடுக வெள்ளைக் காற்றாலைகள்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதை
இவ்வளவு நேராக எடுத்துக்கொண்டவனை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.
புயலென்றால் துணி துவைக்கும் வீடு இது.
பாத்திரம் நள்ளிரவில் கழுவப்படும்.
விடியுமுன் காருக்கு வயிறு நிரம்பும்.
பக்கத்து வீட்டு உர்ஹோ நிலையான கட்டணக்காரன்,
மாலை ஆறு மணிக்கு
ஜன்னலோரம் நின்று, எங்களைப் பார்த்தபடி
வேண்டுமென்றே இஸ்திரி போடுவான்.

அக்டோபரில் ஓர் இரவு விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது.
உலுக்கி எழுப்பினான். மணி மூன்று பத்து.
"ஹில்க்கா, சவுனா சூடாயிடுச்சு.
நாம உட்கார்ந்தா அவங்க காசு தர்றாங்க."
"வரியும் கம்பிக் கட்டணமும் சேர்த்தா
நாமதான் தரணும்" என்றேன்.
ஆனாலும் போனேன்.
கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினான். ஆவி சீறியது.
மேல் பலகையில் ஐம்பத்தெட்டு வயது அம்மணங்கள் இரண்டு.
அவன் தம்பி வாங்கிய கடனைப் பற்றிப்
பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாகப் பேசினோம்.
விலை ஏறியதும் அடுப்பு தானே அணைந்தது.
பேச்சு அணைய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஜனவரி வேறு.
மைனஸ் முப்பது. ஓர் இலைகூட அசையாது,
அசைய இலையும் கிடையாது.
காற்றாலைகள் கைவிரித்து நிற்கும்.
கட்டங்கள் சிவக்கச் சிவக்க
வீடு மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.
கூடத்தில் பதினேழு டிகிரி.
அன்று குளியலில் வெந்நீர் நாலாவது நிமிடமே தீர்ந்தது.
தலை நிறைய நுரையோடு கத்தினேன்:
"எட்டு சென்ட்டுக்கு என்னை வித்துட்டியே!"
கதவுக்கு வெளியே நின்று
"எழுபத்திரண்டு" என்று திருத்தினான்.

அந்தக் கோபத்தில்தான் அடித்தளத்துக்கு இறங்கினேன்.
ஒயரைப் பிடுங்கிவிடுவதாக எண்ணம்.
திரை திறந்தே கிடந்தது. விதிகள், வரிவரியாக.
கொதிகலன்: விலை பன்னிரண்டுக்குக் கீழே என்றால்.
கார்: இரவின் மலிவான மூன்று மணி நேரம் என்றால்.
சவுனா: சனிக்கிழமை என்றால், அதுவும் விலை ஒன்பது என்றால்.
கராஜ் விளக்குக்குக்கூட ஓர் என்றால்.
நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ,
அந்த வரியில் மட்டும் அது இல்லை.
குளியலறைத் தரை. காலை நாலே முக்கால்.
விலை பார்க்காதே.

மீன் பதனிடும் கூடத்தில் முதல் ஷிஃப்ட் எனக்கு.
பத்தொன்பது ஆண்டுகள் ஐஸுக்கு நடுவே நின்ற பாதங்கள்.
விடியலில் ஓடுகள் வெதுவெதுப்பாக இருக்கும்.
தரை என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒயரை விட்டுவிட்டு மேலே வந்தேன்.
படுக்குமுன் குளியலறைச் சுவரில் இருந்த பொத்தானை
நானே அணைத்துவைத்தேன்.
காலையில் கம்பளிக் காலுறை இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று.
அப்படியும் குதிகால் விறைத்தது.

மாலையில் வரைபடத்தில் அந்தப் பள்ளத்தைப் பார்த்தான்.
விரல்நுனியால் தொட்டான்.
"சென்சார் கெட்டுப்போச்சா?"
"இருக்கும்" என்றேன்.

வெகுநேரம் கீழே தட்டச்சுச் சத்தம்.

இப்போதெல்லாம் அந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும்
ஒன்றும் ஆவதில்லை.