சூடு காணுமோ

டெரன்ஸ் போகும்போது ஒட்டிவிட்டுப் போன தாள்
இன்னும் கண்ணாடியில் இருக்கிறது:
சூடான பக்கம் முப்பது.
குளிர்ந்த பக்கம் இருபத்தைந்து.
நடுவில் எங்கே கிடப்பதென்று அவளுக்குத் தெரியும்.

அவள் என்றால் கறுவா.
மூன்றரை அடி, பட்டை நிறம்,
எலிக்குஞ்சைத் தவிர எதிலும் அவசரமில்லை.
மேல்மாடி மிஸஸ் ஜயவீரவைப் பொறுத்தவரை
இது ஒரு மீன்தொட்டி.

பெலியகொடைக் களஞ்சியத்திலும்
எனக்கு இதுதான் வேலை.
இரண்டுக்கும் எட்டுக்கும் இடையே தடுப்பூசி.
காலையில், மத்தியானம், பூட்டுமுன் இன்னொருக்கால்
நீலப் பேனையால் எழுதிக் கையெழுத்து வைப்பேன்.
எட்டைத் தாண்டினால் பெட்டியோடு எரிக்க வேண்டும்,
ஏன் தாண்டியதென்று மூன்று பக்கம் எழுத வேண்டும்.
பழசென்று அங்கே ஒதுக்கிய வெப்பமானி ஒன்று
என் கைப்பைக்குள் ஏறி வீடு வந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
கறுவாவின் தண்ணீர்க் கோப்பைக்குப் பின்னால் இருந்து
இப்போது அது உண்மை பேசுகிறது.

டெரன்ஸ் தந்த புத்தகம்
பனி பெய்யும் நாட்டில் எழுதியது.
அடியில் விரிக்கும் சூட்டுப் பாய்க்கு நாற்பது பக்கம்,
விளக்குக்குப் பதினெட்டு.
வெள்ளவத்தையில், சித்திரையில், பின்னேரம் இரண்டரைக்குக்
கரண்ட் போனால் என்ன செய்வதென்று
ஒரு வரி கிடையாது.

இன்று போனது.

முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு புள்ளி நான்கு. இது குளிர்ந்த பக்கம்.
சூட்டுப் பாயின் வயரைக் கழற்றி மூன்று வாரம்;
இப்போது ஊரே பாயாய் விரிந்து கிடக்கிறது.

உறைய வைத்திருந்த சோடாப் போத்தல் இரண்டைத்
துவாயில் சுற்றிக் கண்ணாடிக்கு வெளியே சாய்த்தேன்.
உள்ளே வைக்கக் கூடாது, குளிரும் சுடும்.
துவாய் நனைந்தது. எண் அசையவில்லை.
கறுவா கோப்பைக்குள் இறங்கி
தன்னையே மூன்று சுற்றுச் சுற்றி
மூக்கை மட்டும் வெளியே விட்டாள்.

தலையணை உறையொன்றில் அவளை விட்டு
வாயை முடிச்சுப் போட்டு
குளியலறைக்குக் கொண்டுபோனேன்.
இந்த வீட்டில் வெயில் தொடாத சுவர் அங்கேதான்.
வெப்பமானியும் நானும் அவளும் ஓட்டுத் தரையில்.
கால் நீட்டினால் கதவு மூடாது.

உறையின் மேல் கை வைத்தேன்.
எனக்குள் ஓர் அடுப்பு எரிகிறது,
முப்பத்தேழு, யாரும் கேட்காமல், கரண்டும் இல்லாமல்.
அவளுக்கு அது கிடையாது.
தரை எவ்வளவோ அவளும் அவ்வளவு.
கையை எடுத்துவிட்டேன்.
என் கையே அவளுக்கு அதிகம்.

மருதானைப் பக்கம் போகும் ரயில் கடலோரம் வந்தது.
சத்தம் எனக்குக் கேட்குமுன்
உறைக்குள் ஒரு மடிப்பு நிமிர்ந்தது.
ஓட்டின் வழியே அவளுக்குச் சேதி வந்திருக்கும்.

இருபத்தெட்டு.

நாலரைக்கு டெரன்ஸின் குறுஞ்செய்தி.
டொரொண்டோவில் இப்போதுதான் விடியுமாம்,
ஏப்ரலிலும் பனி விழுதாம்.
"கறுவாவுக்குச் சூடு காணுமோ?"

கூடிப்போச்சு, என்று எழுதினேன். அழித்தேன்.
நிற்கும் இடத்தின் பாகையில்தான்
ஆள் கவலைப்படவும் முடியும் போல.
காணும், என்று அனுப்பினேன்.
நீ போர்த்திக்கொண்டு வெளியே போ, என்றும்.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது.
பிரிட்ஜ் ஒருதரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.
களஞ்சியத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது,
இருந்தும் நெஞ்சு ஒருமுறை அங்கே போய் வந்தது.

இரவு, பெட்டிக்குள் விட்டபின்,
டெரன்ஸின் தாளில் அடியில் கிடந்த இடத்தில் எழுதினேன்:
இரண்டு ஐம்பது, முப்பத்திரண்டு புள்ளி நான்கு.
நான்கு பத்து, இருபத்தெட்டு, குளியலறை.
நீலப் பேனை.
பழக்கத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டேன்.