ஹாரன்

ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே
பலகை சொல்லிவிடும்.
கியரைக் குறை. ஹாரன் அடி. ஏறுகிற வண்டிக்கு வழி விடு.
இருபத்தாறு வருஷமாக ஏற்காட்டுப் பஸ் ஓட்டுகிறேன்.
குரங்குகூட கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து
பார்த்துவிட்டுத்தான் குதிக்கும்.

பவதாரிணிக்கு ஒரே ஒரு வரி வந்தது:
உங்கள் பதிவு முடிக்கப்பட்டது.
அங்கே செவ்வாய் சாயங்காலம்.
இங்கே புதன் விடியல்,
அடிவாரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.
பாசி வளர்த்த கண்ணாடித் தட்டுகளைக்
கழுவிக்கொண்டிருந்தாளாம்.

"நான் என்னப்பா செஞ்சேன்?"
டிக்கெட் எடுக்க மறந்த அந்த ஒரு நாளா,
சிவப்பில் தாண்டிய சைக்கிளா,
அவளே தேடித் தேடிச் சொன்னாள்.
கிளட்ச் இல்லாத தரையை
மிதித்துக்கொண்டு நின்றேன்.

ரைஸ் குக்கரை அறைத்தோழிக்குக் கொடுத்துவிட்டு
இரண்டு பெட்டியோடு வந்திறங்கினாள்.
அஸ்தம்பட்டியில் யார் கேட்டாலும்
"லீவு" என்கிறாள்.
நான்காவது மாசம்.

நேற்று வங்கியிலிருந்து பதிவுத் தபால்.
கல்விக் கடன், தவறிய தவணை, பிரிவு எண்,
முப்பது நாள் அவகாசம்,
ஆட்சேபம் இருந்தால் எழுதவேண்டிய முகவரி.
கையெழுத்துப் போட்டு வாங்கியவள்
வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தாள்.
"காரணம் போட்டிருக்காங்கப்பா" என்றாள்,
ஏதோ மரியாதை கிடைத்ததுபோல.

இன்று முதல் டிரிப்பில்
முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.
பதினேழில் மூடுபனி.
பலகை தெரியவில்லை.
எனக்கு மனப்பாடம்தான்,
இருந்தாலும்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.