மெட்ரோலாக்

பாலில் ஒரு குவளை தண்ணீர் கலந்தாரென்று
சன்னாசிக்கு அன்று அரைப்பேர்தான் விழுந்தது.
ஸ்டோரில் கிராணி வாளிக்குள்
மெட்ரோலாக்கை மிதக்கவிட்டார், கோட்டைப் படித்தார்,
அவ்வளவுதான்.

சுங்கை மெராந்தி பசாரில்
சைக்கிள் கடைக்கு மேல்மாடி எங்கள் சங்கம்.
பதிவில் கூட்டுறவு,
பலகையில் பேங்க் மாதிரி எழுத்து.
நான் இரண்டாம் கவுண்டர்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது
கையில் கொடுத்து அனுப்பிய காசை
சன்னாசி என் முன்னால் இருமுறை எண்ணினார்.
நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
ஒவ்வொரு நோட்டிலும் கொஞ்சம் ஒட்டுப்பால் வாடை.
புத்தகத்தில் பதிந்து கொடுத்தேன்.
தொகை சரி, தேதி சரி, முத்திரை கோணாமல்.

என் கையெழுத்து அழகு என்பார்கள்.

உள்ளறைப் பேரேட்டிலும் அதே கையெழுத்து:
தலைவரின் மைத்துனருக்குக் கடன்,
ஈடு, கடலோரச் சதுப்பு நிலம்.
மைத்துனரின் டிரைவருக்குக் கடன்,
ஈடு, அதே சதுப்பு நிலம்.
மூன்றாவது பெயருக்கு ஆளே இல்லை.
அவர் அடையாள அட்டை எண்ணை
ஒரு மத்தியானம், சொல்லச் சொல்ல,
நான்தான் எழுதினேன்.

பதிவாளர் அலுவலகத்திலிருந்து
வருடத்துக்கு ஒருவர் வருவார், ஒரு வெள்ளிக்கிழமை.
கெட்டவர் இல்லை.
நாலு மாவட்டத்துக்கு அவர் ஒருவர்தான்.
இலையில் ஆட்டுக்கறி, மூன்று மணி பஸ்ஸுக்கு அவசரம்.
பேரேட்டைக் கையில் தூக்கிப் பார்த்து
நல்ல கனம் என்றார்.
கையெழுத்துப் போட என் பேனாவைத்தான் வாங்கினார்.

சட்டர் இறங்கிய காலையில்
வரிசை மார்க்கெட் வரைக்கும் போனது.
மத்தியானத்துக்குள்
ஒரு தப்பும் செய்யாத எதிர்க்கடைச் சீனர் சங்கத்திலும் வரிசை.
மளிகைக்கடைத் தவுக்கே கடன்புத்தகத்தை மூடிவிட்டார்.
பிள்ளை பரீட்சைக் கட்டணத்துக்கு
ஒருத்தி தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டு
அடகுக்கடைப் படியேறினாள்.
போலீஸ் ஜீப் வந்து,
எங்களைக் காவல் காத்தது.

சேமிப்பாளர் மீட்புக் குழு ஒன்று அமைந்தது.
தலைவர், நம் தலைவரேதான்.
தேர்தலிலும் நின்றார்.

சன்னாசி கூச்சல் போடவில்லை.
கம்பிக் கதவுக்கு வெளியே நின்று,
புத்தகத்தைப் பிரித்து,
என் எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"தங்கச்சி, இதுல தண்ணி எத்தனை குவளை?"

தெரியாது என்றேன்.

இப்போது செம்பனை ஆலையில்
எடைமேடை கிராணியாக இருக்கிறேன்.
லாரிச் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைக்கூட
விடாமல் கழிக்கிறேன்.
டிரைவர்கள் திட்டுகிறார்கள்.